டாடா 407 கியர் பாக்ஸ்: பழையது வாங்குவதா, பட்டறையில் விடுவதா, நாமே பிரிப்பதா?

சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி இறங்கிக்கொண்டிருந்தேன். 18 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. பாதி மலையில் இரண்டாம் கியரிலிருந்து லிவர் தானாக எகிறி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. எஞ்சின் பிடிமானம் போய், லோடு மொத்தமும் பிரேக்கின் மேல் விழுந்தது. திரும்பக் கியரைப் போட்டு, லிவரை இடது கையால் அமுக்கிப் பிடித்தபடியே அடிவாரம் வரை இறக்கினேன். அன்று ராத்திரி சமயநல்லூர் வீட்டுக்கு வந்தவுடன் தீர்மானித்துவிட்டேன், இனி இந்தப் பாக்ஸோடு மலை ஏறுவதில்லை என்று.

வண்டி டாடா 407. 1986-இல் வந்த வண்டி வகை என்பதால் உதிரிபாகத்துக்கு மதுரையில் அலைய வேண்டியதில்லை. எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. மூன்றிலும் செலவைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பாக்ஸை எத்தனை தடவை கீழே இறக்க வேண்டிவரும்? பாக்ஸ் நல்லதோ கெட்டதோ, இறக்கி ஏற்றுகிற வேலை ஒன்றுதான். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் ஜாயிண்ட் கழற்ற வேண்டும், லிவரை இணைக்கும் லிங்கேஜ் கழற்ற வேண்டும், வண்டி இரண்டு மூன்று நாள் சும்மா நிற்கும், வாடகை போகும். பாக்ஸின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம். ஏமாறுகிறோம் என்று என்னையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு நான் பழைய பாக்ஸ் வாங்கியவன்.

அந்தக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பாக்ஸ். "நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிண்ணே, கண்ண மூடிட்டு ஏத்துங்க" என்றார் கடைக்காரர். மேல்மூடியைத் திறந்து பார்க்க விடவில்லை. நாலே மாதத்தில் இரண்டாம் கியரில் கரகரப்பு, பிறகு இந்த எகிறல். பழைய பாக்ஸ் வாங்கியே தீர வேண்டுமென்றால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். கிளட்சிலிருந்து பாக்ஸுக்குள் போகும் தண்டான கிளட்ச் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின் ஃபிளாஞ்சின் (ஜாயிண்ட் மாட்டும் வட்டத் தட்டு) போல்ட் துளையும், ஷாஃப்டின் பல் எண்ணிக்கையும் உங்கள் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். இத்தனையும் பார்த்தாலும் பேரிங்கில் மீதி உயிர் எவ்வளவு என்று வெளியிலிருந்து தெரியாது.

பட்டறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கை உள்ள மிஸ்திரி கிடைத்தால் ஒரே இறக்கத்தில் வேலை முடியும். தவணை கட்டுகிற வண்டி, ஒரு வாரம் நிறுத்த முடியாது என்றால் அதுதான் சரி. ஆனால் உடைந்த பல்லை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே மூடுகிற பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொள்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் நாமே பிரிக்கும் வழியை எடுத்தேன். நானும் மச்சானும் சேர்ந்து இறக்கினோம். முதல் எச்சரிக்கை: பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) போல்ட் கழன்றதும் பாக்ஸின் கனம் கிளட்ச் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளட்ச் பிளேட் நடுவில் வளைந்துவிடும். அடியில் ட்ராலி ஜாக் கொடுத்து, நேராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பிரிக்கும்போது ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, விரித்த சாக்கில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினோம். மூடியைத் தூக்கும்போது மேலே ஒரு துணியைப் போடுங்கள். லிவரைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடும்.

மண்ணெண்ணெயில் கழுவியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கியர் விழும்போது வேகத்தை ஒன்றாக்கிக் கொடுக்கும் பித்தளை வளையம்தான் சிங்க்ரோ கோன். அதன் உள்பக்கத்தில் நூல் போல மெல்லிய வரிகள் இருக்க வேண்டும். ஆயில் படலத்தை வெட்டி கியரைப் பிடிப்பது அந்த வரிகள்தான். என்னுடையது வழவழவென்று இருந்தது. கியரின் மேல் வைத்து அமுக்கித் திருப்பினேன், வழுக்கிச் சுற்றியது. புதுக் கோனை வைத்துத் திருப்பினேன், கவ்விக்கொண்டு நின்றது. கரகரப்புக்குக் காரணம் அது. எகிறலுக்குக் காரணம் வேறு: ஸ்லீவும் (லிவர் தள்ளும்போது நகர்ந்து கியரைப் பூட்டும் வளையம்) இரண்டாம் கியரும் பூட்டிக்கொள்கிற சின்னப் பல்லின் ஓரங்கள் ஒரு பக்கமாக மழுங்கியிருந்தன. இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. ஸ்லீவை மட்டும் புதிதாகப் போட்டு, மழுங்கிய கியரை விட்டுவைத்தால் திரும்ப எகிறும், திரும்ப இறக்கணும். இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்.

பேரிங்கை ஏற்ற பக்கத்து லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் சொன்னது: "ஷாஃப்ட்டுல ஏத்துறப்ப உள்வட்டத்துல அமுக்குப்பா. வெளிவட்டத்துல அமுக்குனா குண்டு வழியா அடி போகும், புதுப் பேரிங்கே சத்தம் போடும்." பேரிங்கை அமுக்கி ஏற்றும் பிரஸ் அவரிடம் இருந்ததால் சுத்தியல் வேலையே இல்லாமல் முடிந்தது. பிரஸ் பக்கத்தில் கிடைக்காத ஊரில் இருந்தால் வீட்டில் பிரிக்கும் யோசனையையே மறுபடி யோசியுங்கள்.

ஆயிலில் கவனம் தேவை. பித்தளைக் கோன் உள்ள பாக்ஸுக்கு ஜி.எல்-4 தர கியர் ஆயில் ஊற்றினேன். பின் அச்சிலுள்ள கிரௌன் பல்சக்கரத்துக்கு ஊற்றும் ஜி.எல்-5-இல் கந்தகச் சேர்க்கை அதிகம், அது பித்தளையை அரிக்கக்கூடும்.

இத்தனை செய்தும் நானும் இரண்டு தடவை இறக்கினேன். முன் ஆயில் சீலை ஷாஃப்டில் நுழைக்கும்போது அதன் உதடு பல்லில் பட்டுக் கிழிந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. பத்து நாளில் பெல் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டியது. விட்டிருந்தால் கிளட்ச் பிளேட் நனைந்து வழுக்க ஆரம்பித்திருக்கும். பல்லின் மேல் டேப் சுற்றி, கிரீஸ் தடவி, பிறகு சீலை நுழைத்திருந்தால் இந்த இறக்கம் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் அந்த இரண்டாவது இறக்கத்துக்கு ஒரு சீலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான் செலவு. எங்கே ஒழுகுகிறது, ஏன் ஒழுகுகிறது என்று இறக்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும். பழைய பாக்ஸ் கெட்டபோது உள்ளே என்ன போயிற்று என்று தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தேனே, அந்தப் பயம் இதில் இல்லை.

நான் பிரித்தது ஒரே ஒரு பாக்ஸ். நாலைந்து வருடம் தாங்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. இதெல்லாம் கையால் கியர் போடும் பாக்ஸுக்கு மட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் உள்ளே அடுக்கடுக்காகக் கிளட்ச் தட்டுகள், வால்வ் பாடி, டார்க் கன்வெர்ட்டர் என்று ஆயில் அழுத்தத்தில் நடக்கிற வேலை. ஒரு தூசி வால்வில் சிக்கினால் கியர் மாறாது. முதல் தடவையாகப் பிரிக்கிறவருக்கு வேப்பமரத்தடியில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஆயிலை வடித்து மாற்றினேன். வடித்ததில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவினேன். மை மாதிரி மெல்லிய சாம்பல் பூச்சு ஒட்டியது, அது தேய்மானத்தில் வருவது. விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், செதில் எதுவும் தட்டுப்படவில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்தபோது பித்தளை மினுமினுப்பும் இல்லை. மறுநாள் சிறுமலைக்கு லோடு ஒப்புக்கொண்டேன்.