கனோபியோ செயலி: மணல் எடுத்த நிலத்தில் பச்சையை அளக்க எவ்வளவு நம்பலாம்?

குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கம் கனிமம் பிரித்துத் திரும்ப நிரப்பிய மணலானாலும், கல்குளம், விளவங்கோடு பக்கம் கல் எடுத்து ஓய்ந்த குவாரியானாலும், செடி பிடித்துவிட்டதா என்று கேட்டால் "நல்லா பச்சையா இருக்கு" என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பச்சையைச் சதவீதமாக்கித் தருவதுதான் கனோபியோ. காசு கிடையாது. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வயல் பயிரின் இலைப்பரப்பை அளக்க உருவாக்கியது; அதன் செயல்முறை 2015-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. சுரங்க நிலத்தை மனதில் வைத்துச் செய்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மேலிருந்து கீழ்நோக்கி எடுத்த படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அது மூன்று கணக்குப் போடுகிறது. சிவப்பைப் பச்சையால் வகுத்தால் 0.95-க்குக் கீழ், நீலத்தைப் பச்சையால் வகுத்தாலும் 0.95-க்குக் கீழ், பச்சையின் இரு மடங்கிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 20-க்கு மேல் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்திய புள்ளி வெள்ளையாகவும் மற்றது கருப்பாகவும் வரும். வெள்ளையின் பங்குதான் விடை.

இந்தக் கணக்கு புரிந்தால் எங்கே தப்பும் என்பதும் புரியும். தேரி மணலில் சிவப்பு தூக்கலாக இருப்பதால் மண்ணைச் செடி என்று எண்ணாது. அது நமக்கு நல்லது. கனிமம் நீங்கிய வெளிர் மணலில்தான் தொல்லை. வெயிலில் பளீரென்று அடிக்கும் மணலைப் பார்த்து கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைக்கும். இலை இருண்டுபோகும், மூன்றாவது கணக்கில் 20-ஐத் தொடாமல் விழுந்துவிடும். நிழலில் கிடக்கும் இலைக்கும் இதே கதி. ஆகவே போனின் சொந்தக் கேமராவில் இலைமேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்து எடுத்து, அந்தப் படத்தைச் செயலியில் திறப்பதே மேல். மேகமூட்டம் இருந்தால் இன்னும் நல்லது. தென்மேற்குப் பருவக்காலத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

ராவணன் மீசை என்ற கடற்கரைப் புல்லைப்போல் சாம்பல் பூசிய இலைகளில் நீலமும் பச்சையும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். அவை பாதி விடுபடலாம். மாறாக, மழைக்குப் பின் குவாரித் தரையில் படரும் பாசி செடியாகக் கணக்கில் ஏறும். எவ்வளவு பச்சையைச் செடியாக ஏற்பது என்பதைக் கூட்டிக் குறைக்கச் செயலியில் உள்ள நகர்த்தியால் (slider) ஓரளவு திருத்தலாம். ஆனால் படத்துக்குப் படம் அதை நகர்த்தினால் ஒப்பீடே செல்லாது. ஒரு நிலத்துக்கு ஒரே அளவை வைத்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க 30 மீட்டர் டேப்பை விரித்து, 3 மீட்டருக்கு ஒன்றாகப் பத்துப் படம் போதும். போன் தரைக்கு இணையாக, எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், 1.5 மீட்டர் வசதி. செல்ஃபி குச்சி இருந்தால் கால் படத்தில் விழாது. டேப்பை எங்கே தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். செழிப்பான இடத்தைத் தேடி விரித்தால் எண் அழகாக வரும், அவ்வளவுதான். மொத்தம் எத்தனை படம்? படங்களுக்கிடையே திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 15 என்றால், சராசரியை 5 புள்ளி முன்பின்னாகப் பிடிக்க 36 படம் வேண்டும். திட்டுத்திட்டாகச் செடி நிற்கும் நிலத்தில் விலக்கம் 25-க்குப் போனால் 100 படம்.

இனி பெரிய குறை. உயிருள்ள பச்சை தவிர வேறெதுவும் இதன் கண்ணுக்குத் தெரியாது. மணலைக் காற்றிலிருந்து காப்பதில் சவுக்குச் சருகுக்குப் பெரிய பங்குண்டு. செயலிக்கு அது வெறுந்தரை. எந்தச் செடி என்பதும் தெரியாது. ரப்பர் தோட்டங்களில் மூடுபயிராகப் போடும் மியூக்குனா கொடியைக் குவாரிக் கழிவில் விட்டால் 90 சதவீதத்துக்கு மேல்கூடக் காட்டும். அடியில் நட்ட புங்கும் புன்னையும் மூச்சுமுட்டிச் செத்திருந்தாலும் அதே எண்தான். கம்யூனிஸ்ட் பச்சை என்ற களைச்செடி மண்டினாலும் வெற்றிதான்! அடும்பங்கொடியோ ஒரே வேரிலிருந்து பல மீட்டர் ஓடும். அங்கே பரப்பு நிஜம், ஆனால் எத்தனை செடி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அதனால் அதே டேப்பில் 30 சென்டிமீட்டருக்கு ஒருமுறை மெல்லிய கம்பியை இறக்கி, முனை தொட்டது என்ன என்று எழுதுங்கள்: செடியின் பெயர், சருகு, கல், வெறுமண். ஒரு டேப்புக்கு 100 புள்ளி, எண்ணிக்கையே சதவீதம். நேரம் பிடிக்கும், ஆனால் செயலி விட்டதையெல்லாம் இது பிடிக்கும். தலைக்கு மேல் வளர்ந்த மரங்களுக்குச் செயலி உதவாது. உயிரோடு நிற்பவற்றை எண்ணி, அடிச்சுற்றளவை அளக்க வேண்டும்.

எவ்வளவு வந்தால் வெற்றி? 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைச் சுரங்கக் குத்தகை நிபந்தனையாக்கச் சொன்னது. தீவனத்துக்கும் செடிகொடி விலங்குகளுக்கும் ஏற்றதாக நிலம் மாற வேண்டும் என்பது அதன் நோக்கம். அதை எண்ணாக்க அமெரிக்க நிலக்கரிச் சுரங்க விதியைப் பார்க்கலாம். அங்கே தரைமூடல், ஏற்கப்பட்ட அளவுகோலில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அதுவும் 90 சதவீதப் புள்ளியியல் நம்பகத்துடன். பக்கத்திலுள்ள தோண்டாத நிலத்தையே அளவுகோலாக வைக்கலாம். இங்கே அது ஒரு தென்னந்தோப்போ அடும்பு படர்ந்த மணல்மேடோ ஆகலாம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே போனில் எடுங்கள்.

மாதம் முக்கியம். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் நவம்பரில் எடுத்தால் மழைப்புல்தான் எண்ணை உயர்த்தும். கோடைமழைக்கு முன், பிப்ரவரி கடைசியில் எடுத்த எண் நம்பத்தக்கது.

செயற்கைக்கோள் படம் போதாதா என்பார்கள். சென்டினல்-2 இலவசம்தான், ஆனால் ஒரு புள்ளி 10 மீட்டர். 25 சென்ட் நிலத்துக்குப் பத்துப் புள்ளிதான் கிடைக்கும், அதிலும் ஓரத்தில் பக்கத்துத் தோப்பின் தென்னை கலந்துவிடும். பல ஹெக்டேர் இருந்தால் அதுவே சௌகரியம். சின்ன நிலத்துக்குக் கனோபியோ.

பச்சைச் சதவீதத்துக்கு மட்டும் என்றால் 5-க்கு 4 கொடுக்கலாம். செடிகொடி மீண்டதற்குச் சான்றாகக் காட்ட 5-க்கு 2. போனை மாற்றினால் பழையதிலும் புதியதிலும் ஒரே இடத்தை எடுத்து ஒப்பிடுங்கள். மூலப்படங்களை அழிக்க வேண்டாம். பின்னால் நகர்த்தியின் அளவை மாற்ற நேர்ந்தால் எல்லா ஆண்டுக்கும் மறுபடி கணக்கிட அவை வேண்டும்.