மூளைப் புரதத்தை ‘வெட்டும்’ காப்ஸ்யூல்: 1,450 ரூபாய் போச்சு

பாளையங்கோட்டையில் ஒரு கடை, பெயர் வேண்டாம். 60 காப்ஸ்யூல், 1,450 ரூபாய். டப்பா மேலே ஒரு மூளைப் படம், அதற்குள் கத்தரிக்கோல் ஒரு நூலை நறுக்குகிறது, கீழே ‘மறதி தரும் புரதத்தை வெட்டும் என்சைம்’. எங்கள் ஆச்சி சொதிக்கு உப்புப் போட்டு, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, திரும்பவும் வந்து உப்பு டப்பாவைத் திறக்கிறாள். அதைப் பார்த்தவனுக்கு விலை பெரிதாகத் தெரியவில்லை.

“அண்ணாச்சி, இது மூளைக்குப் போயிருமா?”

“நேரா போயிரும் தம்பி, ரெண்டு டப்பாவா எடுத்துக்கிடுங்க.”

போகாது. என்சைமும் புரதம்தான், வயிற்றுக்கு அதுவும் பருப்பும் ஒன்று, செரித்துவிடும். தப்பித் தவறி ரத்தத்தில் கலந்தாலும், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடை அவ்வளவு பெரிய மூலக்கூறை லேசில் உள்ளே விடாது. பத்து நாள் கொடுத்ததில் ஆச்சிக்கு வயிற்றுப் பொருமல்தான் மிச்சம்.

அந்தக் கத்தரிக்கோல்தான் பெரிய கூத்து. அல்சைமர் என்ற மறதி நோயில் வில்லங்கமே வெட்டில்தான் இருக்கிறது. நரம்பணுச் சவ்வில் ஏபிபி என்று ஒரு புரதம் உண்டு. அதை ஆல்பா செக்ரிடேஸ் என்ற என்சைம் வெட்டினால் பிரச்சினை இல்லை. பீட்டா செக்ரிடேஸ் வேறு இடத்தில் வெட்டி, அப்புறம் காமா செக்ரிடேஸ் சவ்வுக்குள்ளேயே இன்னொரு வெட்டுப் போட்டால் அமிலாய்டு பீட்டா என்ற துண்டு விழுகிறது, பெரும்பாலும் 40 அமினோ அமில நீளம், சிலது 42. அந்த 42தான் சீக்கிரம் ஒன்றோடொன்று ஒட்டிப் படிகிறது.

சரி, வெட்டையே தடுத்தால்? பெரிய மருந்துக் கம்பெனிகளே அதில் கையைச் சுட்டுக்கொண்டன. காமாவைத் தடுத்த செமகாசெஸ்டாட் என்ற மருந்தின் சோதனை 2010இல் நின்றது, நோயாளிகளின் நிலை இன்னும் மோசமானது, தோல் புற்றுநோயும் கூடியது. பீட்டாவைத் தடுத்த வெருபெசெஸ்டாட் 2018க்குள் கைவிடப்பட்டது.

அமிலாய்டைச் சிதைக்கிற நெப்ரிலைசின் மாதிரி நல்ல என்சைம்களும் மூளையிலேயே உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. டப்பாவில் இருப்பது அது இல்லையே! பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் பப்பெய்ன், புரோமெலெய்ன். முதலாவது, கறி வேக பப்பாளிக்காய் போடுவோமே, அந்தச் சரக்கு; மற்றது அன்னாசியில் இருப்பது.

திருப்பிக் கொடுக்கப் போனால் “சீலை உடைச்சிட்டீங்களே” என்றார். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஆச்சிக்கு முதலில் பி12, தைராய்டு பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், ரிசல்ட் வரணும். மறதிக்கு அதுவும் காரணமாக இருக்கலாமாம்.

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் மூடி நன்றாக இறுகுவதற்காக. ஆச்சி அதில் வெந்தயம் போட்டு வைத்திருக்கிறாள்.