மாடித் தொட்டியின் நேரலைத் திரை: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஏறிப் பார்க்காமலே தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை வாங்கினேன். இரண்டு வருடமாக ஓடுகிறது, பலகையில் குறை எதுவும் இல்லை. வைஃபை உள்ளேயே இருக்கிறது, வலைப்பக்கத்தையும் அதுவே கொடுத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் பிடிக்கும்.

என்னைப் படுத்தியது சென்சார்தான். மேலிருந்து ஒலி அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் வகை அது. முதலில் போட்ட ஹெச்சி-எஸ்ஆர்04 தொட்டியின் ஈரத்தில் சில மாதங்களிலேயே துருப்பிடித்துவிட்டது. அப்புறம் நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்கினேன். இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் இருப்பதை அது அளக்காது. தொட்டி நிரம்பும் மட்டத்துக்கு மேல் அவ்வளவு இடம் விட்டுப் பொருத்த வேண்டும். அதை 5 வோல்ட்டில் ஓட்டினால் அளவைப் பலகைக்குச் சொல்லும் எக்கோ கம்பியில் வருவதும் 5 வோல்ட். பலகையின் இணைப்பு முனை தாங்குவது 3.3 வோல்ட்தான். நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்தேன்.

கோடையில் ஒரு புதிர். மோட்டார் ஓடாமலே மதியத்தில் தண்ணீர் கூடியது! ஒலியின் வேகம் 20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். தொட்டிக்குள் காற்று 40 டிகிரி ஆனால் 355. என் நிரலோ 343 என்றே கணக்குப் போட்டது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பிழை. பக்கத்தில் ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் வைத்து வேகத்தைத் திருத்தியதும் சரியானது.

ஆனால் நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. ஒரு நாள் காலை செல்பேசியில் 68 சதவீதம் என்று இருந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை. இரவே மாடி இணைப்பில் மின்சாரம் போய்ப் பலகை நின்றிருக்கிறது. பலகையிலிருந்து செல்பேசிக்கு எண்களை உடனுக்குடன் கொண்டுவரும் வெப்சாக்கெட் இணைப்பு அறுந்தது வலைப்பக்கத்துக்குத் தெரியவில்லை. கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டு இருந்தது. அம்மா அதை நம்பி மோட்டார் போடாமல் விட்டுவிட்டார். தப்பு அவருடையது இல்லை. பழைய எண்ணும் புது எண்ணும் திரையில் ஒரே மாதிரிதானே இருந்தன?

அன்றே எண்ணுக்குக் கீழே 'கடைசி அளவு: 4 வினாடி முன்பு' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வினாடிகளைச் செல்பேசியே எண்ணும், பலகையை நம்பி இருக்காது. முப்பதைத் தாண்டினால் எண் சாம்பல் நிறமாகி 'தொடர்பு இல்லை' என்று வரும். வரைபடம், வண்ணம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இதை முதல் நாளே எழுதிவிடுங்கள். அம்மா இப்போதெல்லாம் சதவீதத்தைப் பார்க்குமுன் அந்த வரியைத்தான் பார்க்கிறார்.