கண் தானம்: விளைவை எண்ணுவதும் மறுமையை எண்ணுவதும்

மும்பையில் தாராவியிலோ மாட்டுங்காவிலோ ஒரு தமிழ் வீட்டில் சாவு நேர்ந்தால், ஊரிலிருந்து கிளம்பிய உறவினர் வந்து சேரும்வரை உடலை வைத்திருப்பார்கள். கருவிழியை எடுக்கவோ ஏறத்தாழ 6 மணி நேரமே அவகாசம். உறுதிமொழி அட்டை இருந்தாலும், நடைமுறையில் வீட்டாரின் சம்மதம் வேண்டும்.

செயலை அதன் விளைவால் அளக்கும் விளைவுவாதிகளுக்கு, அதாவது ஆங்கிலத் தத்துவவாதிகளான பெந்தாம், மில் வழியினருக்கு, இதில் தயக்கமில்லை. இறந்தவருக்கு வலியில்லை, இருவருக்குப் பார்வை கிடைக்கக்கூடும், மின்விசிறியை நிறுத்தி, மூடிய இமைகள்மேல் ஈரப்பஞ்சை வைத்து, தலையைச் சற்று உயர்த்திவிட்டுக் கண் வங்கிக்குச் சொல்லியனுப்பினால் போதும். ஆனால் வீட்டாரின் கலக்கமும் ஒரு விளைவுதான் என்பதை இவர்கள் பலநேரம் மறந்துவிடுகிறார்கள்.

"கண்ணை எடுத்துட்டா அடுத்த பிறவியில கண்ணில்லாமப் பொறந்துடுவாரே" என்று அஞ்சும் மனைவியும் விளைவைத்தான் எண்ணுகிறார். அவர் எண்ணும் விளைவு சாவோடு நின்றுவிடவில்லை, அவ்வளவே. 1785-இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் மனிதகுலத்துக்கு நன்மை செய்வதையும் நித்திய இன்பத்தையும் அறத்தின் ஒரே வரையறைக்குள் சேர்த்தார். எனவே இவ்விரு நோக்குகளும் பிறவிப் பகைகள் அல்ல. பேலி சொல்வதுபோல் மறுமை முடிவற்றதானால், அதன் எதிரே இருவரின் பார்வை மட்டுமல்ல, இருநூறு பேரின் பார்வையும் எடையற்றுப் போகும். மறுபிறவி நம்பிக்கையில் அந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் ஒரு பிறவியின் துன்பத்துக்கு எல்லை உண்டு. தவிரவும், சிதையில் எரிந்துபோகும் கண் மட்டும் எப்படி அடுத்த பிறவிக்கு வந்து சேரும் என்ற கேள்வியை அந்த நம்பிக்கைக்குள் நின்றே கேட்கலாம். கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பர் குறையோடு பிறக்கவில்லை, சிவனருகே இடம்பெற்றார் என்றும் சொல்லலாம்.

சொல்பவர் கண்ணப்பரை நம்பாத மகனாக இருந்தால்? நல்ல விளைவு கிடைக்குமெனில் விளைவுவாதம் அதை அனுமதிக்கக்கூடும். அந்த இடத்தில்தான் அது எனக்கு வலுவிழந்து தோன்றுகிறது. தாயின் நம்பிக்கையைக் கருவியாக்குவதில் அவருக்குச் செய்யும் அவமதிப்பு ஒன்று இருக்கிறது. புறநானூற்றின் 134-ஆம் பாடல், மறுமைப் பயனுக்காக இம்மையில் ஈயும் அறவிலை வணிகன் அல்லன் என்று ஆய் வள்ளலைப் புகழ்கிறது. மேலுலகம் இல்லையென்றாலும் ஈதலே நன்று என்கிறது 222-ஆம் குறள்; அந்த உலகம் உண்டா இல்லையா என்பதை அது முடிவுசெய்யவில்லை. அதனால் அந்த மகன் பொய் சொல்லாமலும், தாய் தன் நம்பிக்கையைக் கைவிடாமலும், இருவரும் அந்தக் குறளை வைத்துப் பேச முடியும்.