மெட்ரோ வாட்டரா, கேனா, ஆர்ஓவா, போரா? சென்னைல எதைக் குடிக்கிறது

சென்னைல வாடகைக்கு வீடு பாக்கப் போனா முதல்ல கேக்குறது "தண்ணி எப்படிங்க?"ன்னுதான். ஆனா அது வருதா வரலையாங்கிற கேள்வி, குடிக்கலாமான்னு யாரும் கேக்குறதில்ல, ஏன்னா குடிக்கத்தான் கேன் இருக்கேன்னு எல்லாருமே முடிவு பண்ணிட்டோம். நானும் அப்படித்தான் இருந்தேன், போன வருஷம் வீட்ல ரெண்டு பேருக்கு வயித்தால போற வரைக்கும்.

உடனே மெட்ரோ வாட்டரைத்தான், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம் குழாய்ல விடுற தண்ணியைத்தான் திட்டினேன். ப்ளம்பர் அண்ணன் குளோரின் பாக்குற சொட்டு மருந்து கொண்டுவந்தார், தண்ணில குளோரின் இருந்தா மஞ்சளாகும். ரோட்டுலேர்ந்து வர்ற பைப்புல பிடிச்ச தண்ணி நல்ல மஞ்சள், கிச்சன் குழாய்ல பிடிச்சது கலரே மாறாம நிக்குது! சம்ப்பை, அதான் தரைக்கடித் தொட்டியைத் திறந்து பாத்தா செவுத்துல விரிசல், மூணடி தள்ளி டிரெய்னேஜ் சேம்பர். தப்பு ரோட்டுத் தண்ணில இல்ல, எங்க சம்ப்புல, வேற என்ன சொல்ல.

மெட்ரோ வாட்டர்ல புழல், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரித் தண்ணியைப் படிகாரம் போட்டுத் தெளிய வெச்சு, மணல்ல வடிகட்டி, குளோரின் போட்டுத்தான் அனுப்புறாங்க, அதோட கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற நெம்மேலி பிளான்ட்டும் இருக்கு. குழாய்க்கு வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சி இருக்கணும்ங்கிறது ஐஎஸ் 10500ங்கிற இந்தியக் குடிநீர்த் தரக் கணக்கு. அதனால லேசா குளோரின் வாடை வந்தா பயப்படாதீங்க, ஒரு வாடையும் இல்லன்னாதான் நான் யோசிப்பேன். மெட்ரோ தண்ணியோட வீக்னஸ் பைப்புதான். நாள் பூரா தண்ணி ஓடாத லைன்ல பிரஷர் இல்லாத நேரத்துல பக்கத்து சாக்கடைக் கசிவை விரிசல் வழியா உள்ள இழுத்துக்கும், அதான் தண்ணி விட்டதும் முதல் அஞ்சு நிமிஷம் கலங்கலா வந்தா சம்ப்புல விடாம கீழ விட்ருங்கன்னு சொல்றது. மத்தபடி கொதிக்க வெச்சா கிருமி காலி.

போர்வெல் தண்ணிக்கு இந்தக் கொதிக்க வைக்கிற கதையே செல்லாது. உப்பு, நைட்ரேட் எல்லாம் கொதிச்சா போகாது, தண்ணி ஆவியாகி இன்னும் கெட்டியாத்தான் ஆகும். டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்குற உப்போட அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் ஓகே, வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும்னு விதி, கடலோரத்துல அதையும் தாண்டுற போர் இருக்கு. 2013ல தண்டையார்பேட்டைல போர்ல எண்ணெய் கலந்து வந்தது ஞாபகம் இருக்கா? போர் தண்ணி குளிக்க, துவைக்க, அவ்ளோதான்.

கேன் தண்ணி நிறைய பாத்தா அதே புறநகர் போர் தண்ணியை ஆர்ஓ மிஷின்ல போட்டு உப்பை எடுத்ததுதான். 2024 கடைசில ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்ங்கிறதை எடுத்துட்டு இதை ரிஸ்க் அதிகமான உணவு லிஸ்ட்ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், சேத்துருச்சு. எனக்கு பயம் தண்ணியை விட கேன்தான், எத்தனை வீடு சுத்தி வந்ததோ, உள்ள கழுவினாங்களோ, வெயில்ல எவ்ளோ நேரம் நின்னுச்சோ.

ஆர்ஓ விக்க வர்றவர் ரெண்டு கம்பியைத் தண்ணில விட்டு கரண்ட் குடுத்து, செம்மண் கலர்ல பொங்க வெச்சு "பாருங்க சார் இதைத்தான் குடிக்கிறீங்க"ம்பார். அந்தக் கலர் கம்பி கரையுற இரும்பு சாமி! ஆர்ஓ தண்ணில உப்பு இல்லாததால கரண்ட் சரியா பாயாது, அதான் அது தெளிவா நிக்குது. டிடிஎஸ் மீட்டரும் அதே மாதிரிதான், உப்பைக் காட்டும், கிருமியைக் காட்டாது. ஒரு லிட்டருக்கு மூணு லிட்டர் வரைக்கும் வெளிய கொட்டுற மிஷின் அது, டிடிஎஸ் 500க்குக் கீழ இருக்குற இடத்துல தடை பண்ணுங்கன்னு 2019லயே பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிருச்சு.

அதனால ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் லாரியும் போரும்தான் கதின்னா ஆர்ஓ வாங்கிக்கோங்க, தப்பே இல்ல. மெட்ரோ லைன் இருக்குற வீட்டுக்கு சுத்தமான சம்ப்பும் கிருமியைக் கொல்ற ஒரு யூவி ஃபில்டரும், இல்லன்னா அடுப்பும் போதும். எங்களுக்கு மாசம் 12 கேன், 40 ரூபான்னா 480 ஆச்சு, சம்ப்பைக் கழுவி விரிசல் பூச 3,500 கேட்டாங்க, ஏழெட்டு மாசக் கேன் காசு.