பிளாக்பியர்டா, பார்த்தலோமியூ ராபர்ட்ஸா?

கடற்கொள்ளையன் என்றதும் நம் மனதில் வரும் கறுப்புத் தாடியும் மிரட்டும் கண்களும் பெரும்பாலும் பிளாக்பியர்ட் எனப்பட்ட எட்வர்ட் டீச்சின் உபயம். சண்டைக்குப் போகும்போது தொப்பிக்கு அடியில் திரியைக் கொளுத்தி வைத்துக்கொள்வான் என்று 1724-ல் வெளிவந்த ஒரு நூல் சொல்கிறது. நிஜமோ கதையோ, அந்தப் படம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவன் ஆட்டம் சுமார் இரண்டு வருஷம்தான். 1718 மே மாதம் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தையே மறித்து நின்றவன் கேட்டது என்ன தெரியுமா? ஒரு பெட்டி மருந்து! அதே வருஷம் நவம்பரில் ஒக்ராகோக் தீவு அருகே பிரிட்டிஷ் கடற்படையினர் அவனைக் கொன்று, தலையைக் கப்பலின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தில் தொங்கவிட்டார்கள்.

வேல்ஸ்காரன் ராபர்ட்ஸ் வேறு ரகம். 1719-ல் கொள்ளையரிடம் பிடிபட்டவன், சில வாரங்களில் அவர்களுக்கே தலைவன். மூன்று வருஷத்துக்குள் 400 கப்பல்களுக்கு மேல் பிடித்ததாகச் சொல்வார்கள். தொழில் என்று பார்த்தால் டீச் இவன் பக்கத்தில் நிற்க முடியாது. இவன் கப்பலின் விதிகள்தான் சுவாரசியம்: இரவு எட்டு மணிக்கு விளக்கணைப்பு, பணம் வைத்துச் சூதாடத் தடை, முக்கிய முடிவுகளில் எல்லோருக்கும் ஓட்டு, கை கால் போனால் பொதுப் பணத்திலிருந்து இழப்பீடு. வாத்தியக்காரர்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வுகூட உண்டு!

சரி, அதற்காக நல்லவன் என்று நினைத்துவிட வேண்டாம். 1722 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் வைடா துறைமுகத்தில், சங்கிலியிட்ட அடிமைகள் உள்ளே இருக்கும்போதே ஒரு கப்பலை இவன் ஆட்கள் எரித்தார்கள். அடுத்த மாதமே ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கேப் லோபெஸ் முனை அருகே பிரிட்டிஷ் கடற்படையின் குண்டில் ராபர்ட்ஸ் விழுந்தான். உடல் எதிரி கையில் சிக்காதபடி கூட்டாளிகளே கடலில் போட்டுவிட்டார்கள்.