கடைவாய்ப் பற்களில் மெட்டல் செராமிக்கும் சிர்கோனியாவும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கீழ்த்தாடையின் இருபுறக் கடைவாய்ப் பற்களுக்கும் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டிருக்கிறேன். வலப்புறத்தில் இருப்பது உலோகக் கூட்டின் மேல் பீங்கான் சுட்டு ஏற்றிய மெட்டல் செராமிக். சில ஆண்டுகளுக்குப் பின் இடப்புறத்தில் போட்டது முழுவதும் சிர்கோனியா என்ற மிக உறுதியான வெண்ணிறப் பீங்கான் வகையால் ஆனது. ஒரே வாயில், ஒரே உணவுப் பழக்கத்தில் இரண்டும் உழைப்பதால், இந்த ஒப்பீடு பிறருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

மெட்டல் செராமிக் பல ஆண்டுகள் சீடையையும் முறுக்கையும் தாங்கியது. பின்னர் ஒருநாள் இட்லி சாப்பிடும்போது, நாக்குப் பக்க முனையிலிருந்து பிறை வடிவில் ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. மெத்தென்ற உணவில் உடைந்தது எப்படி என்று வியந்தேன். காரணம் பீங்கானின் இயல்பிலேயே இருக்கிறது. கடைவாயில் முழு வலிமையோடு கடித்தால் 500 முதல் 700 நியூட்டன் வரை விசை உண்டாகும். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. மேல்பூச்சுப் பீங்கானின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அளவு, ஏறத்தாழ 100 மெகாபாஸ்கலுக்குள்தான். ஒவ்வொரு கடியிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிறிது நீள்கிறது, உமிழ்நீரின் ஈரம் அதை விரைவுபடுத்துகிறது, கடைசியில் எந்தக் கவளத்தில் பெயர்வது என்பது மட்டுமே மிச்சமிருக்கிறது.

சிர்கோனியாவின் வளைவு வலிமை 900 முதல் 1200 மெகாபாஸ்கல் வரை. விரிசல் நுனியில் அதன் படிகங்கள் உருமாறிப் பருமனில் சுமார் 4 சதவீதம் விரிந்து, விரிசலை நெருக்கி நிறுத்துகின்றன. என் கேப்பில் இதுவரை கீறல்கூட இல்லை. ஆயினும் மேலே சொன்ன வலிமை எண் வழக்கமான, ஒளி அதிகம் ஊடுருவாத வகைக்கே பொருந்தும். அழகுக்காக யிட்ரியா என்ற சேர்மத்தின் அளவைக் கூட்டிச் செய்யும் பளிங்கு போன்ற வகைகளில் அந்த உருமாற்றம் பெரிதும் குறைந்து, வலிமையும் வெகுவாக இறங்கிவிடுகிறது. ‘சிர்கோனியா’ என்று மட்டும் கேட்டு வாங்குவது போதாது, எந்த வகை என்றும் கேட்க வேண்டும்.

தடிமனும் அதே அளவுக்கு முக்கியம். தடிமன் பாதியானால் தாங்கும் விசை ஏறக்குறைய கால்பங்காகிவிடும் என்பதால், மருத்துவர் பல்லைப் போதுமான அளவு இழைப்பதைக் குறையாகக் கருதக்கூடாது. கேப் ஒட்டியபின் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னபோது, ஓரிடத்தில் மட்டும் கறை அழுத்தமாகப் பதிந்தது. அந்த மேட்டை இழைத்த பிறகு மருத்துவர் வெகுநேரம் மெருகேற்றினார். சொரசொரப்பாக விட்டிருந்தால் எதிர்ப் பல்லின் எனாமல் தேய்ந்திருக்கும். தூக்கத்தில் பல்லை நெறிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இரவுக் காப்புத் தட்டையும் கேட்டுப் பெறுவது நல்லது.

வேறொரு பல்லில் சிறு சொத்தைக்கு அடைத்த காம்போசிட் என்ற பல்நிறப் பிசின் அடைப்பைப் பற்றிக் குறை ஏதுமில்லை. அது சுமை குறைந்த முன்கடைவாய்ப் பல்லில் இருக்கிறது.

வலப்புறக் கேப்பை இப்போதைக்கு மாற்றப் போவதில்லை. உடைந்த விளிம்பை மழுக்கி மெருகூட்டியாயிற்று. உலோகக் கூடு உறுதியாக இருக்கிறது, ஓரத்தில் கசிவும் இல்லை.